வளராமல் நின்ற பையன்கள்: ரோங்கெலாப் நிகழ்வு ஆய்வு, நீலகிரி மருத்துவப் பணியாளர்களுக்காக

உதகையும் குன்னூரும் கோத்தகிரியும் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரி சொச்சத்தில் இருக்கின்றன. அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் பசிபிக் கடலின் நடுவில் மார்ஷல் தீவுகள் வரும். பிகினியும் ரோங்கெலாப்பும் அங்கேதான். கதிரியக்கத் தூசி குழந்தைகளின் தைராய்டை என்ன செய்யும் என்று உலகம் முதலில் தெரிந்துகொண்டது நம்முடைய அதே அட்சக் கோட்டில்தான்.

எஸ்டேட் மருந்தகத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "சிஸ்டர், பாப்பாவுக்குக் கழுத்து வீங்கின மாதிரி இருக்கே, கூடங்குளத்துக் காத்தாலயா?" அதற்கு "இல்லம்மா" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். பதில் சரிதான். ஆனால் ஏன் இல்லை, உண்மையாகவே அப்படி ஒன்று நடந்தால் எது முதலில் தெரியும் என்று அந்த அம்மாவுக்கு விளக்க வேண்டுமானால் ரோங்கெலாப்பைத் தெரிந்திருக்க வேண்டும். கழுத்துக் கட்டியைவிடக் குழந்தையின் உயரமே முதலில் பேசிய நிகழ்வு அது. அந்தப் பேச்சை ரத்தப் பரிசோதனை பல ஆண்டுகள் மறுத்தது.

நடந்தது

1954 மார்ச் 1, காலை 6.45. அமெரிக்கா பிகினியில் 'பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. கணக்குப் போட்டது 6 மெகாடன் அளவுக்கு, வெடித்ததோ 15 மெகாடன். குண்டு வானத்தில் வெடிக்கவில்லை, பவளத்திட்டின் மேல் வைத்தே வெடிக்கப்பட்டது. அதனால் பவளப்பாறை பொடியாகி, கதிரியக்கத்தைச் சுமந்துகொண்டு மேலே போனது. காற்று கிழக்கே அடித்தது.

ரோங்கெலாப் தீவு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் கிழக்கே. அங்கே 64 பேர் இருந்தார்கள், பக்கத்து ஐலிங்கினே திட்டில் 18 பேர். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் வெள்ளைத் தூள் விழத் தொடங்கியது. சுண்ணாம்புத் தூள் போல இருந்ததால் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். கூரையிலிருந்து தொட்டியில் பிடித்துவைக்கும் மழைநீர்தான் அங்கே குடிநீர். அதில் விழுந்தது, மூடிவைக்காத சாப்பாட்டிலும் விழுந்தது. இது என்னவென்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஏறத்தாழ இரண்டு நாள் கழித்துத்தான் கப்பல் வந்து அவர்களை குவாஜலீன் தீவுக்கு ஏற்றிப்போனது. இன்னும் தூரத்தில் இருந்த ஊட்டிரிக் திட்டின் 157 பேரை அதற்கும் பிறகு.

முதல் நாட்களில் குமட்டல், வாந்தி, அரிப்பு. இரண்டு வாரத்தில் தோலில் புண்களும் முடி உதிர்தலும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இறங்கி, மெல்ல ஏறின. அந்தக் கட்டத்தில் யாரும் இறக்கவில்லை. புண்கள் ஆறின, முடி திரும்ப முளைத்தது. 1957 ஜூனில் மக்களைத் தீவுக்கே திருப்பி அனுப்பினார்கள். புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் மருத்துவக் குழு ராபர்ட் கோனார்ட் தலைமையில் ஆண்டுதோறும் வந்து பரிசோதித்துப் போனது. பெரிய ஆபத்து தாண்டிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

தைராய்டு அளவைக் கணக்கிட்டதில் நடந்த பிழை

தைராய்டு எவ்வளவு கதிரியக்க அயோடினை வாங்கியது என்று கண்டுபிடிக்க ஒரே வழி சிறுநீர். ஆனால் அந்தச் சிறுநீர் சேகரிக்கப்பட்டது வெடிப்புக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து. அப்போது அதில் மிஞ்சியிருந்தது அயோடின்-131 மட்டும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். அதோடு உள்ளே போன அயோடின்-133க்கு 20.8 மணி நேரம், அயோடின்-135க்கு 6.6 மணி நேரம், அயோடின்-132க்கு 2.3 மணி நேரம். இவை எல்லாம் அதற்குள் கரைந்துபோய்விட்டன. கரைவதற்கு முன் சுரப்பியில் தங்கள் ஆற்றலைக் கொட்டிவிட்டுத்தான் கரைந்தன. வெடித்த சில மணி நேரத்தில் விழும் தூசியில் இந்தக் குறுகிய ஆயுள் அயோடின்களின் பங்குதான் அதிகம்.

ஆகவே முதலில் போட்ட கணக்கு உண்மையைவிட மிகக் குறைவாக வந்தது. 1985இல் புரூக்ஹேவன் குழுவே எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்பக் கணக்கிட்டபோது ரோங்கெலாப்பில் பெரியவர்களின் தைராய்டுக்கு 10 கிரேயை (திசு வாங்கிய கதிர் ஆற்றலின் அலகு) தாண்டிய அளவும், ஒரு வயதுக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 50 கிரேயும் வந்தது. ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அளவுமீறிச் சுரக்கும்) நோயாளியின் சுரப்பியை வேண்டுமென்றே அடக்க மருத்துவர் கொடுக்கும் அயோடின்-131 சிகிச்சை 100 கிரே அக்கம்பக்கம் இருக்கும். அதில் பாதி, எந்த நோயும் இல்லாத ஒரு வயதுக் குழந்தைக்குள் போயிருக்கிறது.

குழந்தைக்கு ஏன் இவ்வளவு? பெரியவரின் தைராய்டு 15 முதல் 20 கிராம் எடை. ஒரு வயதுக் குழந்தையுடையது 2 கிராமுக்கும் குறைவு. இருவரும் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்து ஒரே அளவு அயோடின் சுரப்பியில் தங்கினால், சிறிய சுரப்பியில் ஒவ்வொரு கிராமுக்கும் பல மடங்கு அடி விழும்.

உயரம் சொன்னதும் ரத்தம் மறுத்ததும்

ஐம்பதுகளின் இறுதியிலேயே வளர்ச்சிப் பதிவுகளில் ஒன்று தெரிய ஆரம்பித்தது. வெடிப்பின்போது ஐந்து வயதுக்குட்பட்டிருந்த பையன்கள் சிலர் தங்கள் வயதை ஒத்தவர்களைவிடக் குட்டையாக இருந்தார்கள். எலும்பு முதிர்ச்சியும் பின்தங்கியிருந்தது. வெடிப்பின்போது ஏறத்தாழ ஒரு வயதாக இருந்த இரண்டு பையன்களிடம் இது மிகக் கடுமையாக இருந்தது. வளர்ச்சி நின்றே போனது.

தைராய்டு சுரப்பு குறைந்தால் இப்படி ஆகும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. பரிசோதித்தார்கள். அன்றைக்கு இருந்த பரிசோதனை, ரத்தப் புரதங்களோடு ஒட்டியிருக்கும் அயோடினை அளப்பது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்ஸினில் அயோடின் இருக்கிறது, அது புரதத்தோடு ஒட்டித்தான் ஓடுகிறது, எனவே புரத அயோடினை அளந்தால் தைராக்ஸினை அளந்தது போல என்பது அதன் தர்க்கம். மார்ஷல் மக்களிடம் முடிவு இயல்பாக, சிலருக்கு இயல்பைவிட அதிகமாகக்கூட வந்தது. தைராய்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதப்பட்டது.

அவர்கள் ரத்தத்தில் ஹார்மோனே அல்லாத அயோடின் புரதம் ஒன்று அதிகமாக இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. கருவி அதையும் சேர்த்து எண்ணியது. கதிர் படாத மார்ஷல் மக்களிடமும் அதே ஏற்றம் இருந்ததைக் கண்டபிறகு, 1966இல் இது அச்சில் வந்தது. ஹார்மோன் குறைவை அந்தப் புரதம் மூடி மறைத்திருந்தது. அதுவரை குழந்தைகளின் உயரக்கோடு ஒன்றைச் சொன்னது, ஆய்வகத் தாள் வேறொன்றைச் சொன்னது, தாளையே நம்பினார்கள். இந்த நிகழ்விலேயே நம்மை அதிகம் வருத்துவது இந்த இடம்தான். ஒரு குழந்தைக்கு வளரும் ஆண்டுகள் திரும்பி வராது.

1963இல், வெடிப்புக்கு ஒன்பது ஆண்டு கழித்து, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் முதல் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டு மேலும் சிறுமிகளுக்கு. பிறகு பத்து வயதுக்குள் தூசி பட்ட ரோங்கெலாப் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கே கட்டிகள் வந்தன. அறுவை சிகிச்சை செய்தவர்களில் சிலருக்குப் புற்றுநோய். 1965இல் எல்லோருக்கும் தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கப்பட்டது. நோக்கம் இரண்டு. குறைந்துபோன ஹார்மோனை ஈடுகட்டுவது ஒன்று. மூளையடிச் சுரப்பி அனுப்பும் டிஎஸ்ஹெச் தூண்டுதலைக் கீழே இறக்கிக் கட்டி வளர்வதைத் தடுப்பது இன்னொன்று. மாத்திரை தொடங்கியபின் வளராமல் இருந்த பையன்கள் வளர்ந்தார்கள். குறைவு ஹார்மோனில்தான் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

ஊட்டிரிக்கில் அளவு குறைவு என்பதால் நீண்ட காலம் பாதிப்பு இல்லை என்றே கருதினார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் அங்கும் கட்டிகள் கூடின. அளவு குறையும்போது காலம் நீளும்.

செர்னோபில்: வேறு அளவு, வேறு நோய், பால் வழி

1986 ஏப்ரல் 26 உக்ரைனின் செர்னோபில் அணுஉலை வெடித்ததை ரோங்கெலாப்போடு வைத்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். ரோங்கெலாப்பில் பசு இல்லை. தூசி நேரடியாக நீரிலும் உணவிலும் விழுந்தது. செர்னோபிலில் புல்லில் விழுந்ததைப் பசு மேய்ந்தது, பாலில் வந்தது, குழந்தை குடித்தது. ஒரு பசு நாள் முழுதும் பெரும் பரப்பை மேய்ந்து அதன் அயோடினை ஒரு பால்குடத்தில் திரட்டிக் கொடுக்கிறது. பால் அதிகம் குடிப்பது குழந்தை. அதன் சுரப்பியோ 2 கிராம்.

ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் சராசரி தைராய்டு அளவு 0.5 கிரே அளவில் இருந்தது. ரோங்கெலாப் குழந்தையினுடையதில் நூறில் ஒரு பங்கு. இந்த வித்தியாசம்தான் நோயையும் மாற்றியது. 50 கிரே செல்லைக் கொன்றுவிடும். கொன்றால் ஹார்மோன் வராது, வளர்ச்சி நிற்கும். அரை கிரே செல்லைக் கொல்லாது, அதன் மரபிழையை அறுத்துத் தப்பாக ஒட்டவைத்து உயிரோடு விடும். அந்தச் செல்தான் பின்னாளில் பாப்பிலரி என்ற வகைத் தைராய்டு புற்றாகிறது. அதனால் செர்னோபிலில் வளர்ச்சி நிற்பதைக் காணவில்லை, புற்றுநோயைக் கண்டார்கள். அதுவும் நான்கே ஆண்டில்.

1992இல் பெலாரஸ் மருத்துவர்கள் இதை எழுதியபோது நம்பாதவர்கள் இருந்தார்கள். பெரியவர்களுக்கு அயோடின்-131 மருந்தாகக் கொடுத்த அனுபவத்தில் புற்றுநோய் அவ்வளவாகக் கூடவில்லை என்பது அவர்கள் வாதம். குழந்தையின் சுரப்பி பெரியவருடையது அல்ல. வளர்கிற திசு, செல் பிரிந்துகொண்டே இருக்கும் திசு. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் மிகவும் பாதித்த பகுதிகளில் அப்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களிடம் 2005 வரை 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. அவற்றில் 2005 வரை 15 இறப்புகள். நேரத்தில் கண்டு சிகிச்சை கொடுத்தால் பிழைக்க வைக்கலாம் என்பதை அந்த இரண்டாவது எண் சொல்கிறது. ஆனால் 2015 வரை சேர்ந்த 19,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கையே கதிரோடு இணைக்க முடியும் என்று ஐநாவின் கதிர்வீச்சு அறிவியல் குழு மதிப்பிட்டிருக்கிறது. மற்றவை வயது ஏறியதாலும் தேடித் தேடி ஸ்கேன் பார்த்ததாலும் வந்தவை.

இந்த மலைக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு 2005இல் வந்தது. பெலாரஸ், ரஷ்யக் குழந்தைகளை ஆய்ந்ததில், மண்ணில் அயோடின் குறைவான ஊர்களில் ஒரே கதிர் அளவுக்குப் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. பட்டினி கிடக்கும் சுரப்பி எந்த அயோடின் வந்தாலும் அள்ளிக்கொள்ளும். கதிர் உள்ளதா இல்லாததா என்று அதற்குத் தெரியாது.

போலந்து வேறொரு வழி காட்டியது. அங்கே ஏப்ரல் 29இலேயே, சுரப்பி கதிரியக்க அயோடினை அள்ளாதபடி, கதிர் இல்லாத அயோடின் கொடுக்கத் தொடங்கி, குழந்தைகளுக்கு மட்டும் ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். மேய்ச்சல் மாட்டின் பாலைக் குழந்தைகளுக்குத் தடுத்துப் பால்பவுடர் கொடுத்தார்கள். பிறந்த உடனே அயோடின் கொடுத்த 3,214 பச்சிளங்குழந்தைகளில் 12 பேருக்கு டிஎஸ்ஹெச் சிறிது காலம் ஏறி இறங்கியது. அதைத் தவிரப் பெரிய தீங்கு இல்லை.

நீலகிரியில் இதை எப்படி வாசிப்பது

நீலகிரிக் குழந்தையின் கழுத்து வீங்கினால் காரணம் அணுஉலை அல்ல. அப்படிப்பட்ட தூசி இங்கே விழவில்லை. ஐம்பது அறுபதுகளின் குண்டுச் சோதனைகளின் மிச்சமான சீசியம்-137, வடகோளத்தின் எல்லா மண்ணிலும் போல இங்கேயும் சிறிதளவு இருக்கும். மழை அதிகம் விழும் மலை என்பதால் சமவெளியைவிடக் கொஞ்சம் கூடவும் இருக்கும். அது தைராய்டைத் தேடிப் போகிற பொருள் அல்ல. அன்று வந்த அயோடின்-131 வந்த சில மாதத்திலேயே அழிந்துவிட்டது. 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இங்கே காரணம் பெரும்பாலும் வேறு: அயோடின் குறைவு, அல்லது சுரப்பியை உடலே தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சி. கொட்டும் மழை மலைமண்ணிலிருந்து அயோடினை அரித்துக் கீழே கொண்டுபோய்விடும். அதை ஈடுகட்ட வேண்டிய உப்பும் நம் வீடுகளில் குறைவு. 2018–19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடு நாட்டிலேயே கடைசி வரிசையில் நின்றது. கல்லுப்பின் மீதுள்ள பிடிப்பு ஒரு பெரிய காரணம். லைன் வீட்டு அடுப்பு மேட்டில் ஈரம் கசியும் கல்லுப்புச் சாடி இருக்கும். அயோடின் கலந்த உப்பை வாங்கினாலும் அதே மாதிரி திறந்து அடுப்பருகே வைத்தால் அயோடின் போய்விடும். உப்பைப் பரிசோதிக்கும் சொட்டுக் கரைசல் அங்கன்வாடியில் கிடைத்தால், கடை உப்பைவிட்டு வீட்டுச் சாடி உப்பில் விட்டுப் பாருங்கள். நீலம் வராவிட்டால் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. முட்டைக்கோஸ், நூல்கோல், முள்ளங்கியில் தைராய்டைத் தடுக்கும் பொருள் உண்டு என்பது உண்மை. அயோடின் போதுமானதாக இருந்து, சமைத்தும் சாப்பிட்டால் அதைப் பெரிதுபண்ண வேண்டியதில்லை. விளைவதை விற்று வாழும் ஊரில் அந்த வீண் பயத்தைப் பரப்பாதீர்கள்.

உயரத்தை அளப்பது

ரோங்கெலாப்பின் மருத்துவர்களுக்குக் கிடைத்த நல்ல கருவி அளவுகோல். நமக்கும் அதுவே. சுவரில் ஒட்டும் உயர அளவுகோலான ஸ்டேடியோமீட்டர் பல துணை சுகாதார நிலையங்களில் இருக்கிறது. அதைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் வழக்கம்.

செருப்பு, காலுறை கழற்றுங்கள். பெண் குழந்தைக்கு உச்சியில் கொண்டையோ ரிப்பன் வைத்த பின்னலோ இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். அதிலேயே இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். குளிருக்குப் போட்ட தடித்த ஸ்வெட்டரும் மஃப்ளரும் தோளை முன்னே தள்ளும், அவற்றையும். குதிகால், கெண்டைக்கால், பின்தட்டு, தோள்பட்டை, பின்மண்டை சுவரில் படவேண்டும். கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில். தலைப்பலகையை முடி அமுங்கும்வரை இறக்கி, உங்கள் கண்ணை அதே உயரத்தில் வைத்து 0.1 சென்டிமீட்டர் வரை படியுங்கள். இரண்டு முறை. அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்கவேண்டும். நிற்கவைத்தால் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் குறையும். படுக்கவைத்த அளவையும் நிற்கவைத்த அளவையும் ஒரே கோட்டில் குறித்துவிட்டு, வளர்ச்சி நின்றுவிட்டதாகப் பயந்த நிகழ்வுகள் நிறைய.

ஒரு அளவு எதுவும் சொல்லாது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு அளவு வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். முதல் ஆண்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர், இரண்டாம் ஆண்டில் 12, மூன்றாம் ஆண்டில் 8. நான்கு வயதிலிருந்து பருவமடையும்வரை ஆண்டுக்கு 5, 6. இந்த வயதில் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உணவுக்குறைவால் குட்டையாவதையும் தைராய்டு குறைவால் குட்டையாவதையும் எடை பிரித்துக் காட்டும். உணவு குறைந்தால் எடை முதலில் விழும், உயரம் பிறகு. தைராய்டு குறைந்தால் உயரம் நிற்கும், எடை நிற்காது, சற்று ஏறவும் செய்யும். வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு இயல்பாகப் போக உயரக்கோடு மட்டும் படுத்துவிட்டால் அதுதான் அடையாளம். மலச்சிக்கல், வறண்ட தோல், படிப்பில் மந்தம் சேரலாம். குளிர் தாங்கவில்லை என்பதை மட்டும் இங்கே நம்பவேண்டாம். உதகையில் எல்லாக் குழந்தைக்கும் குளிர்தான்.

கழுத்தைப் பார்ப்பது

குழந்தையை உட்காரவைத்து எதிரே உட்காருங்கள். கழுத்தை அதிகம் நிமிர்த்தாதீர்கள், தசை இறுகிவிடும். குரல்வளை மேட்டுக்குக் கீழே, மூச்சுக்குழாயின் இருபுறமும் கட்டைவிரலை மெதுவாக வைத்து ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது மேலே ஏறினால் அது தைராய்டு. ஏறாவிட்டால் நெறிக்கட்டியோ வேறு ஏதோ. ஒவ்வொரு பக்கமும் அந்தக் குழந்தையின் கட்டைவிரல் கடைசிக் கணுவைவிடப் பெரிதாக இருந்தால் கழலை. உங்கள் கட்டைவிரலோடு ஒப்பிடக்கூடாது. இந்தத் தவறால் கழலைகள் தவறவிடப்படுகின்றன. முழுச் சுரப்பியும் மெத்தென்று பெருத்திருப்பது ஒன்று, ஒரே இடத்தில் தனிக் கட்டி இருப்பது வேறு. குழந்தைக்குத் தனிக் கட்டி என்றால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம், நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில். பயமுறுத்தாமல், ஆனால் அந்த மாதமே அல்ட்ராசவுண்டுக்கு அனுப்பவேண்டும். தேவைப்பட்டால் ஊசிவழித் திசுப் பரிசோதனை.

கட்டி இல்லாத, வளர்ச்சி சரியாக உள்ள குழந்தைகளைக் கூட்டமாக வரிசையில் நிறுத்தி ஸ்கேன் பார்க்கவேண்டாம். ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அணுஉலை விபத்துக்குப்பின் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரின் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். முதல் சுற்றிலேயே நூற்றுக்கு மேற்பட்ட புற்றுகள் பிடிபட்டன. அங்கே தைராய்டு அளவு செர்னோபிலைவிட மிகக் குறைவு. பல குழந்தைகள், தொந்தரவே செய்யாமல் இருந்திருக்கக்கூடிய சிறு புற்றுக்காகக் கத்திக்குப் போனார்கள். 2018இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, அணு விபத்துக்குப்பின்கூட எல்லோரையும் ஸ்கேன் செய்யும் திட்டம் வேண்டாம், தைராய்டுக்கு 100 முதல் 500 மில்லிகிரே அல்லது அதற்கு மேல் வாங்கிய குழந்தைகளை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள் என்று பரிந்துரைத்தது.

பரிசோதனையும் மாத்திரையும்

இன்று டிஎஸ்ஹெச் பரிசோதனை இருக்கிறது. ரோங்கெலாப்பை ஏமாற்றிய புரத அயோடின் அளவு போய்விட்டது. ஆனாலும் எண்ணைக் குழந்தையோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும். பிறந்து 48 மணி நேரத்துக்குள் எடுத்த குதிகால் ரத்தத்தில் டிஎஸ்ஹெச் இயல்பாகவே ஏறியிருக்கும். கடும் காய்ச்சலிலிருந்து தேறும் குழந்தைக்கும் சிறிது ஏறும். 10க்கு மேல் வந்து தைராக்ஸினும் குறைந்திருந்தால் சிகிச்சை. 5க்கும் 10க்கும் நடுவில் வந்தால் ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். எண் இயல்பாக இருந்தும் உயரம் நின்றிருந்தால் தாளை நம்பி மூடிவிடாதீர்கள். இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தைராய்டு ஹார்மோனான லெவோதைராக்ஸின் மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரம் எதுவும் கொடுக்காமல் இருக்கவேண்டும். நம் ஊரில் அது தவறுவது தேநீரால். விடிகாலை டீயோடு மாத்திரையையும் விழுங்கவைத்துவிட்டு அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவார். டிஎஸ்ஹெச் இறங்காது, அளவைக் கூட்டுவார்கள், அப்போதும் இறங்காது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே ஈரம் ஊறும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுவைத்தால் வீரியம் போகும்.

ஒரு நாள் தூசி வந்தால்

இது வரைபடக் கணக்கு, முன்னறிவிப்பு அல்ல. உதகையிலிருந்து கூடங்குளமும் கல்பாக்கமும் நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூரத்தைவிட மழை முக்கியம். செர்னோபிலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் பிரியான்ஸ்க், மொகிலேவ் எல்லையிலும் 500 கிலோமீட்டரில் துலா, ஓரெல் பகுதியிலும் அடர்த்தியாகப் படிந்தது. மேகம் மேலே நிற்கும்போது மழை பெய்ததுதான் காரணம். வடகிழக்குப் பருவத்தில் கோத்தகிரிச் சரிவுக்கு மழை வருவது கிழக்கிலிருந்து, கல்பாக்கம் இருக்கும் பக்கத்திலிருந்து.

அறிவிப்பு வந்தால் முதல் வேலை மாத்திரை அல்ல, நீரும் பாலும். கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயைக் கழற்றிவிடுங்கள். தொட்டியையும் ஊற்றையும் மூடுங்கள். மாட்டைக் கொட்டகையில் கட்டி, உள்ளே இருக்கும் வைக்கோலும் தீவனமும் மட்டும் போடுங்கள். குழந்தைக்குப் புதுப் பால் வேண்டாம். பழைய பால்பவுடர், மூடிய தண்ணீர். தோட்டத்துக் கீரை, கோஸ் வேண்டாம். கறந்த பாலைக் கொட்டவும் தேவையில்லை. பவுடராக்கி மூன்று மாதம் வைத்தால் அயோடின்-131 அழிந்துவிடும்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை, அதிகாரிகள் சொன்னால் மட்டும், ஒரே முறை. பிறந்து ஒரு மாதத்துக்குள் 16 மில்லிகிராம், ஒரு மாதம் முதல் மூன்று வயது வரை 32, மூன்று முதல் பன்னிரண்டு வரை 65, அதற்கு மேல் 130. தூசி வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து வந்து 2 மணி நேரம் வரை சிறந்த நேரம். 8 மணி நேரம் வரை பலன் உண்டு. 24 மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் நன்மையைவிடத் தீங்கு அதிகமாகலாம், ஏற்கெனவே உள்ளே போன கதிரியக்க அயோடினை அது சுரப்பிக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சீசியத்துக்கும் வெளிக் கதிருக்கும் இந்த மாத்திரை எதுவும் செய்யாது. பச்சிளங்குழந்தைக்குக் கொடுத்தால் சில நாள் கழித்து டிஎஸ்ஹெச் பார்க்கவேண்டும்.

அயோடின் உப்பை அள்ளிச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். 130 மில்லிகிராம் மாத்திரையில் 100 மில்லிகிராம் அயோடின். வீட்டு உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம். அந்த அளவில் ஆறரைக் கிலோ உப்பு வேண்டும். அதற்கு வெகு முன்பே குழந்தை செத்துப்போகும். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடிக்கக் கொடுப்பதும் அப்படித்தான், தொண்டையும் வயிறும் வெந்துபோகும். உப்பின் வேலை அன்றைக்கு அல்ல, அதற்கு முந்தைய ஆண்டுகளில்: சுரப்பியைப் பட்டினி போடாமல் வைத்திருப்பது. அதற்குத் தேவையான அயோடின், கதிர் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நாளுக்கு 250 மைக்ரோகிராம், பள்ளிக் குழந்தைக்கு 120, பெரியவர்களுக்கு 150. மூடிய டப்பாவில் வைத்து, சமையல் இறக்கும்போது போட்ட அயோடின் உப்பு வீட்டில் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் கிடைப்பதே அதற்கு வழி.